வால் மாற்றிய கோப்பு

கண் மருத்துவமனையின் மாடி அறையில் அன்று நால்வர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் மேலாளர். ஜன்னலை ஒட்டி மூத்த நர்ஸ். கதவோரம், நாற்காலி நுனியில், கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். மேலாளருக்கு இடப்பக்கம் குறிப்பேட்டுடன் நான், கடிதம் எழுதும் குமாஸ்தா.

பதிவுகள் இருந்த டிஸ்க் கெட்டுப்போய், ஐந்து வாரத்து நோயாளிகளின் விவரம் போயிற்று. தினமும் சாயங்காலம் தானாக நகல் எடுக்க அந்தப் பெண் ஒரு கட்டளைக் கோப்பு எழுதி வைத்திருந்தாள். ஐந்து வாரமாக அது ஓடவில்லை.

"நீ எழுதினது ஓடுதா இல்லையான்னு பாக்க மாட்டியாம்மா?" என்று கேட்டார் மேலாளர்.

"பாத்திருக்கணும் சார். ஆனா அதோட பேர் .bat-னு முடியணும். இப்ப .txt-னு முடியுது. உள்ள ஒரு எழுத்துகூட மாறல. வால் மாறிட்டா கம்ப்யூட்டர் அதைச் செய்யாது, படிக்கத்தான் திறக்கும்."

"வாலா! கோப்பு எழுதினியா, குரங்கு வளத்தியா?"

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வாலை மாற்றியவன் நான். அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள், அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று அதை அழுத்தினேன். கறுப்புக் கட்டம் ஒன்று பளிச்சென்று வந்து மறைந்தது. என் குறிப்புகளைப் போல .txt என்று முடிந்தால் படிக்கலாமே என்று மாற்றப் போனேன். 'கோப்பு பயன்படாமல் போகலாம், சம்மதமா?' என்று கம்ப்யூட்டரே கேட்டது. ஆம் என்றேன். நாலே வரி. படித்தேன், அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, கவனக்குறைவுக்காக இவங்கள வேலையை விட்டு நிறுத்தலாம்னு தலைமை ஆஸ்பத்திரியில இருக்கற பெரிய டாக்டருக்கு எழுதுங்க. இன்னைக்கே தபால்ல போகணும்" என்றார் மேலாளர்.

படியில் அவள் என்னை நிறுத்தினாள். "ரொம்பக் கடுமையா எழுதிடாதீங்கண்ணே. அடுத்த இடத்துல விசாரிப்பாங்க."

தலையாட்டினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் பெயரோடு முதல் வரியை எழுதியதும் காது சுட்டது. தாளைக் கிழித்தேன். வேறு தாளில் வரிசையாக எழுதினேன்: தேதி, நேரம், பழைய வால், புதிய வால், மாற்றியவன் யார், கூட்டத்தில் அவன் வாய் திறக்காமல் இருந்தது. நீக்குவதானால் அவனை நீக்கலாம் என்பது கடைசி வரி. மேலாளர் கையெழுத்துக்கு இடம் விடவில்லை, என்னுடையது மட்டும்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இருபது வருஷமா உங்கள நம்பினேனே" என்றார்.

கீழே வந்து அந்தத் தாளைப் பெரிய டாக்டர் பெயரிட்ட உறையில் வைத்து ஒட்டி, விளிம்பை இரண்டு முறை அழுத்தி, தபால்காரர் கையிலேயே கொடுத்தேன்.