அந்தோனியாருக்கு நேர்ந்த டோலி

காலையில் கூடு திறந்ததும் கோழியைப் பிடித்து, முட்டை இருக்கிறதா என்று பின்புறத்தில் விரலால் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தட்டுப்பட்டால் கூடையால் கவிழ்த்துவிட வேண்டும். விட்டால் அடுத்த வீட்டில் இட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத கள்ளி மாதிரி வந்து நிற்கும்.

டோலியும் அப்படித்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். கூடு திறக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்ட இந்த இரண்டு கிழமையாக ஒரு முட்டை கண்ணில் படவில்லை. முட்டைக்கு நல்லதென்று மட்டிச் சிப்பியை இடித்துப் போட்டேன். செள்ளுப்பேன் பிடித்ததா என்று சிறகைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் சரிவராமல், பக்கத்து வீட்டு அஜந்தாவோடு வேலிக்கு மேலால் ஒரு சண்டையும் பிடித்தேன். முந்தாநாள் நானே கூடு திறந்து பிடித்துப் பார்த்தேன், விரலில் முட்டை தட்டுப்பட்டது. உடனே கவிழ்த்து, கூடைக்கு மேலே கல்லும் வைத்தேன்.

இன்று பார்த்தால் அந்த முட்டை இன்னும் உள்ளேயே இருக்கிறது. டோலி வாலைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சிளைத்தாள்.

வேறு கோழி என்றால் சட்டிக்குள் போகட்டும் என்றிருப்பேன். இது அந்தோனியாருடைய கோழி. கார்த்திகை மழைக்குள் என் மகள் நதாலி டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளையைத் தந்தால் இந்தக் குஞ்சை வளர்த்துத் திருவிழாவுக்குத் தருகிறேன் என்று நேர்ந்தேன். அவர் பிள்ளையைத் தந்தார். வாற செவ்வாய் திருவிழா. இப்போது கோழி செத்தால், தந்த பிள்ளையை அவர் திருப்பிக் கேட்டால், நான் என்ன செய்வேன்?

"விசர்க்கதை கதைக்காத, மேர்லின். அந்தோனியார் என்ன கோழி யாவாரியா?" என்றார் என் புருஷன் பற்றிக்.

அவர் வாய் மூடவில்லை, அறைக்குள்ளிருந்து நதாலி கூப்பிட்டாள்.

"மம்மி, தலையிடிக்குது."

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. ஐயோ என்று நான் போட்ட கூச்சலில் பற்றிக் ஆட்டோ பிடிக்க ஓடினார். அஜந்தா சண்டையை மறந்து வேலியால் புகுந்து வந்தாள். கோழி பிழைத்தால் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று, இளஞ்சூட்டுத் தண்ணீரில் டோலியை இருத்தி, பின்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவினோம்.

"அமத்தாதங்க அக்கா! உள்ளுக்க உடஞ்சா கோழி முடிஞ்சிது" என்றாள் அஜந்தா.

முட்டை அசையவில்லை. டோலியின் கண் செருகியது. மாதாவே, மாதாவே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நதாலி கண் வீங்கி வாசலில் நின்றாள்.

"அவள விடுங்க மம்மி. கூடைக்க அவ போடமாட்டா. அவட இடம் என்ட கட்டிலுக்குக் கீழ."

விட்டேன். டோலி தள்ளாடித் தள்ளாடிக் கட்டிலுக்கடியில் போனாள். அங்கே ஒரு காட்போட் பெட்டி இருந்தது. அதற்குள், நதாலி கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட சட்டை விரித்திருந்தது. சட்டை நிறைய முட்டைகள்.

"ஏன் மனே ஒளிச்ச?" என்று மகளைக் கேட்டேன்.

"திருவிழாவில டோலிய ஏலத்தில எடுக்கிறவங்க கறி வைப்பாங்கதானே? அடை கிடந்தா நீங்க குடுக்க மாட்டீங்க எண்டு…" விம்மினாள்.

அவளை மடியில் இழுத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தேன். பெட்டிக்குள் சத்தமே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் டோலி கொக்கரித்தாள். புது முட்டையில் இரத்தம் கோடாக ஒட்டியிருந்தது.

அஜந்தா தன் வீட்டுத் தேர்மாமீற்றரைக் கொண்டுவந்து பிள்ளையின் கமக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லக்கா. விடிய விடிய அழுதிருக்கா. அந்தச் சூடுதான்."

எனக்கு மூச்சு வந்தது. ஆட்டோவோடு வந்து நின்ற பற்றிக்கிடம் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். ஆனால் நதாலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழம டோலியக் குடுப்பீங்களா?"

குடுக்கமாட்டேன் என்று சொல்லப் பயம். குடுப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டோலி முட்டைகளுக்குமேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக் கைகூப்பினேன்.

"அந்தோனியாரே, கோவிக்காதங்க. பொரிக்கிற குஞ்செல்லாம் கொண்டந்து தாறன். தாயை மட்டும் என்ட புள்ளைட்ட விட்டிருங்க."

சொல்லி முடித்த கையோடு, நதாலியின் நெற்றியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.