கடுகளவு நீலம்

ஃப்ரேம் கடைக்காரம்மாவுக்கு நாற்பத்தெட்டாம் வயதில் மறுபடியும் படிக்கப் போகிற யோகம் வந்தது. அதுவும் கடல் தாண்டி, தங்கை வீட்டில் தங்கி, கோடைக்காலத்தில் ஆறு வாரம். பழைய ஓவியங்களில் ஏறிய அழுக்கை எடுப்பது, உரிந்து விழ நிற்கும் வண்ணத்தை விழாமல் ஒட்டிவைப்பது, எல்லாவற்றையும் கையால் செய்தே கற்றுக்கொள்கிற படிப்பு.

இருபது வருஷமாக அவள் கடைக்கு ஜனங்கள் பூஞ்சை பிடித்த சாமி படங்களையும் கறை ஏறிய கல்யாணப் படங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். "இத ஏதாவது பண்ண முடியுமாம்மா?" என்று கேட்பார்கள். அவளும் புதுக் கண்ணாடி போட்டு, சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிடுவாள். வியாதி உள்ளேயே இருக்கும், சட்டை மட்டும் புதுசு. அது அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தங்கை இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னதும் கடைச்சாவியைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"பொண்ணு காலேஜ் முடிச்சுட்டா, இப்ப அம்மா சேர்றா. நம்ம வீட்டுல எல்லாமே தலைகீழ்தான்" என்று அவன் சிரித்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தான்.

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஆள் உயர ஜன்னல்கள், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கழுத்தை வளைத்து நிற்கும் விளக்குகள். ஒரு மூலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பசைக் கிண்ணம் எப்போதும் இளஞ்சூட்டில் இருக்கும். டீச்சருக்கு முப்பது வயசுதான். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார். அப்பா அம்மா தமிழ்க்காரர்கள், பிறந்து வளர்ந்தது அந்த ஊர். அவருடைய தமிழ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை மாதிரி. வெளியே வந்தால் அங்கங்கே தயங்கி நிற்கும்.

மேஜைக்கு இரண்டு பேர். அவள் மேஜைக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். இவரும் தமிழ்தான். நாற்பது வருஷம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிவிட்டதால் தன் வாயை மூடத் தெரியாதவர்.

அவர்களுக்குக் கிடைத்த படம் எங்கோ மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னப் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வந்தது. மரப்பலகையில் தீட்டியது. தாயும் குழந்தையும் என்று கூட வந்த காகிதத்தில் எழுதியிருந்தது, படத்தில் தெரியவில்லை. இருநூறு வருஷ மெழுகுவத்திப் புகை படிந்து, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் மாதிரி இருந்தது பலகை. உற்றுப் பார்த்தால் கீழே ஒரு பாதத்தின் வடிவம், அவ்வளவுதான்.

"சாமியை இருட்டுல நிக்க வச்சிருக்காங்களே" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை வந்துவிட்டது.

இரண்டாம் வாரம் சுத்தம் செய்வது தொடங்கியது. டீச்சர் மூங்கில் குச்சியின் நுனியில் துளி பஞ்சைச் சுற்றினார். அதை வாயில் வைத்து நனைத்து எடுத்து, படத்தின் ஓரத்தில் மெதுவாக உருட்டினார். பஞ்சு காப்பி நிறத்துக்கு மாறியது.

"தேய்க்கக் கூடாது ஆன்ட்டி, உருட்டணும். இதுக்கு எத்தனையோ மருந்து இருக்கு. ஆனா முதல்ல இது, இதுதான் எல்லாத்தையும் விட மென்மையானது. தமிழ்ல எப்படிச் சொல்றது... எச்சில்."

ஃப்ரேம் கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எச்சிலா? சாமி மேலயா?"

"ஏம்மா பயப்படறீங்க?" என்றார் பல் டாக்டர். "எச்சில்னு சொன்னா ஒரு மாதிரியாத்தான் இருக்கும். உமிழ்நீர்னு சொல்லுங்க, தோஷம் போயிடும்."

"பேரை மாத்தினா எச்சில் தீர்த்தமாயிடுமா டாக்டர்?"

"சோத்தையே கரைக்கற சரக்கும்மா அது. புகையெல்லாம் எந்த மூலைக்கு? நாப்பது வருஷம் அதுக்குள்ளயே கையை விட்டு வேலை செஞ்சவன் சொல்றேன், நம்புங்க."

டீச்சர் ஆளுக்கொரு தீப்பெட்டி அளவு சதுரம் குறித்துக் கொடுத்தார். டாக்டருக்கு மேல் மூலை, அவளுக்குக் கீழே, பாதத்தை ஒட்டி அங்கி தொங்கும் இடம். பக்கத்தில் ஒரு பதிவேடு. என்ன செய்தோம், எதைக்கொண்டு செய்தோம் என்று அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

"எந்த மொழியிலயும் எழுதலாம், பொய் மட்டும் எழுதக் கூடாது" என்றார் டீச்சர். "நூறு வருஷம் கழிச்சு இந்தப் படத்தைத் தொடப்போறவங்க நம்ம எழுத்தை நம்பித்தான் கை வைப்பாங்க. கை நடுங்கினா நான் சொல்லித் தருவேன். மறைச்சா, இந்த ரூம்ல இடம் இல்ல."

அவள் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு வைக்கிற பூவை மோந்துகூடப் பார்க்காத வீட்டில் வளர்ந்தவள். எந்தச் சாமியானால் என்ன, கும்பிடப்பட்ட இடம் கும்பிடப்பட்ட இடம்தானே? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றி வைத்துக்கொண்டாள். பஞ்சை உதட்டருகே கொண்டுபோவதுபோல் பாவனை செய்துவிட்டு மூடியில் முக்கி எடுத்தாள். எச்சிலைவிடத் தண்ணீர் சுத்தம் இல்லையா? அவளுக்குத் தெரிந்த நியாயம் அது.

தண்ணீரில் அழுக்கு சுலபத்தில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நனைத்தாள். இன்னும் கொஞ்சம். கறுப்பு மெல்ல விலகியது. அடியிலிருந்து ஒரு நீலம் எட்டிப் பார்த்தது. மழை விட்டு, இருட்டுவதற்கு முன்னால் ஒரு நாழிகை வானத்தில் வந்துபோகுமே, அந்த நீலம். இருநூறு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் அங்கேயே காத்திருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அடுத்த உருட்டலில் அந்த நீலத்திலிருந்து ஒரு கடுகளவு துணுக்கு மீன் செதில்போல எழுந்து நின்றது.

அவள் கையை எடுத்துவிட்டாள். விளக்கை அணைத்தாள். பதிவேட்டில், "பஞ்சு. உமிழ்நீர்" என்று எழுதினாள். அந்தப் படித்த வார்த்தை பொய் சொல்லவும் வசதியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் போனபோது டீச்சர் அந்தச் சதுரத்தின்மேல் குனிந்திருந்தார். துணுக்கைச் சுற்றி வண்ணம் இன்னும் இரண்டு இடத்தில் ஓரம் மடங்கியிருந்தது. டீச்சர் பதிவேட்டைப் படித்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"உமிழ்நீருக்கே தாங்கலைன்னா இதை இனிமே யாரும் தொடக் கூடாது. மேலங்கி முழுக்க இதே நீலம். முகத்தைச் சுத்தியும் இதுதான்."

"என் மூலை நல்லாத்தானே வந்துச்சு?" என்றார் டாக்டர்.

"அது வேற கலர் அங்கிள். ரிஸ்க் எடுக்க முடியாது. சாயங்காலம் அந்தக் கூடத்துக்காரருக்கு ஃபோன் பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன். ஃபைல்ல 'சுத்தம் செய்யக் கூடாது'ன்னு எழுதிடுவேன். அப்புறம் எந்தப் பட்டறையும் இதைத் திறக்காது."

ஒரே ஒரு வார்த்தை. அதனால் அந்த முகம் என்றைக்கும் இருட்டிலேயே நிற்கப்போகிறது. உண்மையைச் சொன்னாலோ, அவளுக்கு இந்த அறையில் இடம் இல்லை. நாலு வாரம் மிச்சமிருக்கும்போதே ஊருக்குத் திரும்பி, கடைக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தாள். டாக்டர் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"நேத்து நான் பாத்தேம்மா" என்றார். குரலில் கேலி இல்லை. "பாட்டில் மூடியை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கிட்டு இருக்கறது எனக்குக் கஷ்டம், இருந்தாலும் இருப்பேன். ஆனா ஒண்ணு. சொத்தைப் பல்லைச் சுத்தம் பண்ணாம மேல பூசினா, அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். அப்புறம் வர்ற வலி இருக்கே... என்கிட்ட வந்து அழாதவங்க கிடையாது."

"வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லட்டும். உங்க பையை நான் தூக்கிட்டு வரேன். வாங்க, நானும் கூட வந்து நிக்கறேன்."

அவர் வேறொன்றும் செய்யவில்லை. கூட நடந்து வந்தார், பக்கத்தில் நின்றார். சில சமயம் கடவுள் ஒருவரை இதற்கென்றே அனுப்புகிறார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கையில் ஃபோன் இருந்தது. அதை மேஜையில் வைத்தார்.

"ஏன் ஆன்ட்டி?"

"சாமிக்கு வைக்கற பூவை நாங்க மோந்துகூடப் பாக்க மாட்டோம் டீச்சர். எச்சிலை எப்படி..."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. விளக்கை இழுத்துப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

"இங்க பாருங்க. மேல இருக்கற கறுப்பு மங்கலா இருக்கு. அது புகை. பாதத்துல இருக்கறது பளபளன்னு, வழவழன்னு இருக்கு, தெரியுதா? அது புகை இல்ல. அந்தக் கூடத்துக்கு வர்றவங்க எல்லாரும் குனிஞ்சு இந்தப் பாதத்துல முத்தம் குடுப்பாங்க. இருநூறு வருஷமா. உதடு, மூச்சு, கண்ணீர். எல்லாம் எச்சில்தான் ஆன்ட்டி."

ஃப்ரேம் கடைக்காரம்மா குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு மெருகேறிக் கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவள், புருஷன் போருக்குப் போனவள், பசித்தவன், திருடினவன், நன்றி சொல்ல வந்தவன், எத்தனை ஆயிரம் வாய்! ஒருத்தராவது வாய் கழுவிவிட்டு வந்திருப்பாரா? அந்தத் தாய் ஒரு நாளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் என்னமோ அந்தத் தாய்க்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்க வந்தவள்போல நடந்துகொண்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பதிவேட்டின் பக்கத்தைக் கிழிக்கப் போனாள். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க. ஒரு கோடு போட்டு அடிங்க. அடிச்சது என்னன்னு தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினாள்: "தண்ணீர். மிக அதிகம். என் தவறு."

"அதிகத் தண்ணிதான் காரணம்னா படம் இங்கயே இருக்கட்டும். ஆனா முகத்தை நீங்க தொடக் கூடாது" என்றார் டீச்சர். "அதை அங்கிள் செய்யட்டும். நீங்க உரிஞ்சதை ஒட்டணும். அப்புறம் பாதத்தை முடிக்கணும். ஒழுங்கா."

அவள் கும்பிட்டாள். முகம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இருந்தது. வெளியே அனுப்பவில்லையே என்ற நன்றி அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று மயிர் மட்டும் இருக்கும் தூரிகையில் வெதுவெதுப்பான மீன் பசையைத் தொட்டு, அந்தக் கடுகளவு நீலத்தின் அடியில் விட்டாள். மெல்லிய தாளை மேலே வைத்து, விரலால் மூச்சுவிடும் கனத்தில் அழுத்தினாள். துணுக்கு தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் புதுப் பஞ்சைச் சுற்றினாள். கண்ணை மூடி, "அம்மா, மன்னிச்சுக்கோ. என்கிட்ட இருக்கறது இதுதான்" என்று சொல்லிவிட்டுக் குச்சியை வாயில் வைத்தாள்.

நாள் ஒன்றுக்கு ஒரு விரல்கடை. குதிகாலில் மட்டும் பொட்டளவு கறுப்பை எடுக்காமல் விட டீச்சரே சொன்னார். முன்னே எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சியாம். அவளுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது.

ஐந்தாம் வாரம் டாக்டர் முகத்தைத் திறந்தார். முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் கண்கள். உயிரோடு இருக்கும் ஒரு பெண் ஜன்னலைத் திறந்தது போல இருந்தது. பட்டறையில் மற்ற மேஜைக்காரர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். ஆனால் ஒரு குறை. அந்தக் கண்கள் மடியில் இருந்த குழந்தையைப் பார்க்கவில்லை, எதிரே நிற்பவர்களையும் பார்க்கவில்லை. கீழே எங்கேயோ ஒரு பக்கமாக இறங்கியிருந்தன.

"கண்ணை மட்டும் கொஞ்சம் கோட்டை விட்டுட்டான் வரைஞ்சவன்" என்றார் டாக்டர். "இல்லைன்னா நான் எதையாவது துடைச்சுட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை அங்கிள், அப்படித்தான் வரைஞ்சிருக்கு" என்றார் டீச்சர். அவருக்கும் காரணம் புரியவில்லை.

கடைசி வாரம் கூடத்துக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும். வண்டி ஓட்டி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர்கள் படத்தை மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு, தானாகவே பாதத்தை நோக்கிக் குனிந்தது. தொடக் கூடாது என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார்.

அதற்குள் பாதிக் குனிவில் அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பு வளைந்தபடி, தொப்பி கையில் நசுங்கியபடி.

அவர் குனிந்து நின்ற இடத்தில்தான் அந்தக் கண்களின் பார்வை விழுந்தது. நேராக அவர் முகத்தின்மேல்.

அவர் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் தமிழுக்குத் தயங்கினார்.

"'என்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?'ன்னு கேக்கறார்."

யாரிடம் கேட்கிறார் என்று பல் டாக்டர்கூடக் கேட்கவில்லை. ஃப்ரேம் கடைக்காரம்மா மேஜையைச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில், அவர் உயரத்துக்கே குனிந்து பார்த்தாள்.