சாடிச்சிக்குன்று

வித்துராவைத் தாண்டிப் பொன்முடிக்குப் போகிற வழியில் நிற்கும் அந்தக் குன்றுக்கு முன்பெல்லாம் பேரே கிடையாது. சுள்ளி பொறுக்கப் போன நாச்சியார் மழையில் கால் வழுக்கி மேலிருந்து விழுந்து செத்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் வழுக்கி விழுந்தவளை வைத்து ஜீப்பில் வருகிறவர்களுக்கு என்ன கதை சொல்ல? டிரைவர் தாசையன் அவளுக்கு ஒரு கள்ளப் புருஷனைச் சேர்த்துவைத்தான். அவன் கைவிட்டதும் சாடிவிட்டாளாம். சாடுவதென்றால் இந்தப் பக்கம் குதிப்பது. குன்று சாடிச்சிக்குன்று ஆனது. கடந்துபோகிறவர்கள் ஆளுக்கொரு கல் எறியாவிட்டால் பேய் கூடவே வீட்டுக்கு வருமாம். அடிவாரத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கல் குவிந்துவிட்டது. பாழாய்ப்போன வாய் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்.

நாச்சியாரின் மகள் அனுஷா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். பக்கத்து மிளகாய் மண்டி மகேஷ்குமாருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவன் அம்மா கௌசல்யா அரைமனதாய்த் தலையாட்டியிருந்தாள். தன் அம்மா காய்ச்சலில் போனதாகத்தான் அனுஷா சொல்லியிருந்தாள். வேறென்ன சொல்வாள், பாவம். சாடிச்சி மகளுக்கு எந்த வீட்டில் இடம் கொடுப்பார்கள்?

"பூ வைக்கதுக்கு முன்னாடி எல்லாருமா பொன்முடி போயிட்டு வருவோம்" என்று கௌசல்யா கூப்பிட்டாள். வித்துராவில் அவர்களை ஏற்ற வந்த ஜீப்பில் தாசையனைப் பார்த்ததும் அனுஷா கௌசல்யாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவனோ தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதற்காகவே அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

குன்றடியில் வண்டியை நிறுத்திக் கதையைச் சொன்னான். ருசித்து ருசித்துச் சொன்னான். "சின்ன மக ஒருத்தி உண்டு. அதக்கூட நெனைக்கல்ல, கேட்டோ."

மகேஷ்குமார் சிரித்துக்கொண்டே ஒரு கல்லை எறிந்தான். கௌசல்யாவும் எறிந்தாள். பிறகு இன்னொன்றைப் பொறுக்கி அனுஷாவின் கையில் வைத்தாள்.

"எறி மோளே. வீட்டுக்கு வரப்போறவ, பேயயும் கூட்டிட்டு வந்துராத."

அனுஷா கல்குவியலைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் அம்மா மண்டை உடைந்து கிடந்தாள். எறியாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாம் போச்சு. மன்னிச்சிரும்மா என்று மனசுக்குள் அழுதபடி எறிந்தாள்.

கௌசல்யா கைத்தூசியைத் தட்டினாள்.

"தாசையன் போன வாரமே வந்து எல்லாம் சொல்லிட்டான். எறியமாட்டேன், இது எங்கம்மான்னு நின்னிருந்தா மறுபேச்சில்லாம கட்டிவச்சிருப்பேன். பெத்தவ மேல கல்லெறியுத கை நாளைக்கு எனக்குக் கஞ்சி ஊத்துமா?"

"அம்மா சாடல அத்தை. வழுக்கித்தான் விழுந்தா. இவன் சொல்றது பொய்."

"பொய்தான்னு அதயும் அவனே சொன்னான்" என்றாள் கௌசல்யா. முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகேஷ்குமார் பின்னால் ஏறினான். அனுஷாவை ஏறச் சொல்ல ஆளில்லை.

இப்போது தாசையனின் கதை கொஞ்சம் நீண்டிருக்கிறது. பெற்ற மகளே வந்து கல்லெறிந்த இடம் என்று காட்டுகிறான். அதில் அந்தப் பகுதி மட்டும் பொய்யில்லை.