இரண்டு இடது கால்கள்

1

பல் பிடுங்கக் காத்திருந்தபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ரெண்டுமே இடது கால், அக்கா!" அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பல் போனது, குரல் போகவில்லை. மிச்சமெல்லாம் என் புளுகு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகரச் சதுக்கத்தில் கம்பீரமான வெண்கலச் சிலை ஒன்று–"

அடித்துவிட்டேன். சிலை பேசாது. பேசாதவர்களை வைத்து எனக்கு எழுத வராது.

2

அக்கா அருங்காட்சியகத்தில் வரலாற்று ஆய்வாளர். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். (அவனை முட்டாளாக எழுதிப் பார்த்தேன். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.) ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளரின் சிலைக்கு இரண்டும் இடது பாதம். அதைக் கண்டுபிடித்ததே தம்பிதான்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது அக்கா. தண்ணி கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை. ஆளே பொய்னு சிற்பி நமக்குச் சைகை காட்டியிருக்கான்."

"காலை நீ பார்த்தது சரிடா. சைகைன்னு யார் சொன்னா?"

"யாருமே சொல்லலையே! அதான் சந்தேகம்."

அக்கா தேடினாள். பழைய புகைப்படத்தில் வலது பாதம் சரியாக இருந்தது. பிறகு ஒரு லாரி இடித்த செய்தி. உடைந்த காலுக்குப் பதிலாக, மிஞ்சிய காலிலேயே அச்சு எடுத்து ஒட்டியிருக்கலாம். இதைச் சிலையடிப் பலகையில் எழுதப் போவதாகச் சொன்னாள்.

"எழுது. அப்புறம் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான்.

3

ஏணி வந்தது.

"கணுக்கால்ல வெல்டிங் தடம் இருக்கணும். இல்லேன்னா நான் சொன்னது தப்பு. பலகையும் கிடையாது," என்றாள் அக்கா.

தம்பி ஏறித் தடவினான். தடம் இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். இவ்வளவு தெளிவாவா இருக்கும்? நாம வருவோம்னு தெரிஞ்சு கம்பெனிக்காரன் வெச்சிருக்கான்."

"இல்லாம இருந்தா?"

"மறைச்சுட்டான்னு அர்த்தம்."

"அப்போ எதைப் பாத்தா நீ தப்புன்னு ஒத்துக்குவ?"

தம்பி உண்மையாகவே யோசித்தான். ஒரு புறா பொறியாளர் தலையில் வந்து உட்கார்ந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு பறந்தது.

"எதைப் பாத்தாலும் கிடையாது," என்றான் பெருமையாக.

5

"நாலு எங்கே?"

தம்பி என்னைத்தான் கேட்டான்.

(நான்காம் பகுதியில் அவன் தேம்பி அழுது திருந்தினான். படிக்கச் சகிக்கவில்லை. நேற்றே கசக்கிக் கூடையில் போட்டுவிட்டேன்.)

"பாத்தியா அக்கா! மூணுக்கு அப்புறம் அஞ்சு! மறைக்கிறாங்க!"

அக்கா என் பக்கம் பேசுவாள் என்று நம்பினேன்.

"இருங்கம்மா," என்றாள். "நேத்து போட்டதுக்கு என்ன ஆதாரம்?"

"எழுதினவளே சொல்றேனே!"

"மிச்சமெல்லாம் புளுகுன்னு சொன்னதும் நீங்கதானே?"

நன்றாக மாட்டிக்கொண்டேன். இருவருக்கும் என்மேல் சந்தேகம். அவளுக்குக் கூடையைப் பார்த்தே ஆக வேண்டும்; அவனுக்குப் பார்க்காமலே தெரியும். கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன்.

"கூடையில இருந்தா என்னடா சொல்லுவ?"

"இப்பத்தான் எழுதிப் போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கலாம்," என்றாள் அக்கா. அவள் ஒத்துக்கொண்டதில் அவனே கொஞ்சம் ஆடிப்போனான். "மேல ஆரஞ்சுத் தோல் கிடக்கு பாரு, காய்ஞ்சு சுருண்டு போயி. பேப்பர் அதுக்குக் கீழ இருந்தா, இப்பப் போட்டது இல்ல. கீழ இல்லேன்னா, நீ சொன்னதுதான் சரி."

தம்பி கூடையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"கீழ இருந்தா..."

"இருந்தா?" வாசற்படியில் நின்று கேட்பவள் போலக் கேட்டாள்.

"கீழ இருந்தா, நான்–"

இந்த வாக்கியத்தை நானே முடித்தால் அது இன்னொரு நாலாம் பகுதி ஆகிவிடும். கூடையை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். தோலை மெதுவாக எடுங்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.