எஞ்சினுக்குள் மந்திரித்த களிமண்

பந்தயத் திடலில் மெக்கானிக் சம்னியாங் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எஞ்சின் மூடியை யாரோ கழற்றியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தாள். உயிரைக் கொடுத்துப் பூட்டிய புது வால்வு ஸ்பிரிங்குகள், ராக்கர்கள், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட் எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துப் புள்ளி வைத்திருந்தார்கள். எண்ணெய் ஓடும் துளைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. விரலை விட்டுச் சுரண்டினாள். நறநறவென்றது.

“எந்த நாசமாப் போனவன் வேலை இது?”

முதலாளி கிம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். “பெரிய பிக்கு மந்திரிச்சுக் குடுத்தது. வண்டிக் கூரையில வைக்கச் சொன்னாரு. ஓடுறது கூரையா, எஞ்சினா? அதான் நானே திறந்து வச்சேன்.”

கூரையில் களிமண் புள்ளி இல்லாத வண்டி தாய்லாந்தின் இந்த நக்கோன் பத்தோம் ஊரில் கிடையாது. சம்னியாங்கின் வண்டியிலும் இருக்கிறது. அதற்காக எஞ்சினுக்குள்ளேயா அப்புவான் மனுஷன்!

அந்த டீசல் பிக்கப்பைப் பந்தய வேகத்துக்குச் சுழலவிட்டால் பழைய ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூடாது. பிஸ்டன் வந்து முட்டும். அதற்காகத்தான் விறைப்பான ஸ்பிரிங்கும் எடை குறைந்த வால்வும் தேடிப் போட்டிருந்தாள். ஓட்டப்போகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி வுத்.

“கேமைக் கழட்டிக் கழுவணும். இன்னைக்கு ஓட்டக் கூடாது.”

“வந்த கூட்டத்துக்கு யாரு பதில் சொல்றது? துடைச்சாப் போச்சு.”

“துளைக்குள்ள போனதை உங்கப்பனா வந்து எடுப்பான்? எண்ணெய் வராம கேம் இறுகிடும், செயின் அறுந்து எஞ்சின் வெடிக்கும். வுத் சுவத்துல மோதுவான்.”

“வாயை அடக்கு. மந்திரிச்சதை மொதல்ல பொம்பள தொடவே கூடாது.”

இத்தனை நாள் அந்த ஸ்பிரிங்குகளைத் தொட்டது யார் கையாம்? தூ!

அவள் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். வுத் எதிரே வந்து நின்றான்.

“குடுக்கா.”

“செத்துப்போவடா!”

“மந்திரிச்ச வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் பாக்குறாங்க, மானத்த வாங்காத.” அவள் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டான்.

முதலாளி மூடியைப் பூட்டினார். பச்சை விளக்கு எரிந்ததும் பிக்கப் கரும்புகை கக்கிப் பாய்ந்தது. பாதித் தடம்கூடத் தாண்டவில்லை. எஞ்சின் வெடித்து, எண்ணெய் சக்கரத்தடியில் கொட்டி, வண்டி வழுக்கிப்போய்ச் சுவரில் உராய்ந்து நின்றது.

சம்னியாங் தலைதெறிக்க ஓடிக் கதவைப் பிய்த்தாள். தம்பியின் இடது கை ஒடிந்து தொங்கியது. உயிர் இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பின்னாலேயே முதலாளி மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் பல். “பாத்தியா, மந்திரம் பையனைக் காப்பாத்திடுச்சு! எஞ்சின் ஏன் போச்சு? இவ விரலை விட்டுச் சுரண்டினாள்ல, அதான்.”

அந்த மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வுத் வலியில் பல்லைக் கடித்தபடி நிமிர்ந்து, நல்ல கையை மட்டும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி முதலாளியைக் கும்பிட்டான். பிறகு அவள் பிடியிலிருந்து விலகிக்கொண்டான்.

“அடுத்த எஞ்சினுக்கு நீ கை வைக்காதக்கா.”