எல்லாருக்கும் ஒரே பட்டியல்

கொல்கத்தா நியூ டவுன் அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் தீப்திக்குக் கை வேகம் அதிகம். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுச் செயலியில், நோயாளிகளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டிய ‘ஆகாத உணவு’ப் பட்டியலைப் புரோட்டோடைப்பில் வைத்தவள் அவள்தான். ஒரு வரி மிச்சம் என்று நினைப்பு. புரோட்டோடைப் என்பது எல்லா நோயாளிப் பதிவுகளுக்கும் பொதுவான மூலம். தன்னிடம் இல்லாததை ஒவ்வொரு பதிவும் அங்கே போய்த் தேடிக்கொள்ளும். பட்டியல் அங்கே இருந்தால் எல்லாருக்கும் அது ஒன்றுதான்.

செயலி ஓடத் தொடங்கிய முதல் நாள், ஒரு பெரியவருக்கு மீன் ஆகாது என்று நர்ஸ் பதிந்தார். மதியம் எந்த வார்டிலும் மீன் இல்லை. கொல்கத்தாவில் இதைச் சும்மா விடுவார்களா? நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமையலறை வாசலில் கூடிவிட்டார்கள்.

தீப்தி பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். யார் செய்த வேலை என்று மேனேஜர் சுந்தரராஜன் பார்த்தபோது, அந்த வரிக்கு நேரே, புதிதாகச் சேர்ந்த பிரிட்டோவின் பெயர் இருந்தது. முந்தைய வாரம் செயலியின் கோப்புகளைப் புது இடத்துக்கு நகலெடுத்துப் போட்டவன் அவன். எல்லா வரிகளும் அவன் பெயரில் ஏறிவிட்டன. பழைய இடத்தில் தேடினால் தீப்தியின் பெயர் வரும். யாரும் தேடவில்லை. போடும்போது தானே ஏதோ குளறுபடி செய்துவிட்டதாகப் பிரிட்டோவும் நம்பிவிட்டான்.

அவளை டீம் லீடாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெஹாலாவிலிருந்து வரும் பஸ்ஸில் தினமும், சார், அது நான் எழுதினது என்று சொல்லிப் பார்த்துக்கொள்வாள். இரண்டு முறை சுந்தரராஜன் அறை வரை போய், டீ எடுத்துக்கொண்டு திரும்பினாள். தன்னை நினைத்தே அவளுக்குக் கூசியது. மூன்றாவது வாரம், பிரிட்டோவின் வேலையை நிரந்தரமாக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு அவன் அவளுடைய மேஜைக்கு வந்தான்.

“என் தப்ப நீ உடனே சரி பண்ணிட்ட தீப்தி. இல்லன்னா ராத்திரியும் யாருக்கும் சரியான சாப்பாடு போயிருக்காது. தேங்க்ஸ்.”

சுந்தரராஜன் அறை பத்தடி தூரத்தில்தான், கதவும் திறந்திருந்தது.

“பரவாயில்ல, விடு,” என்றாள்.

மன்னிப்புக் கிடைத்தவன் போல அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.