எட்டுக்கு எட்டு

எட்டாவது வாசனை அட்டையை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனபோது அவளுக்கு அது வெறும் அட்டையாகத்தான் இருந்தது. கைபேசித் திரையில் நான்கு படங்கள்: சோப்பு, எலுமிச்சை, புகை, ரோஜா. யோசிப்பதுபோல் புருவத்தைச் சுருக்கினாள். நடிப்பிலும் குறை வைக்கக் கூடாதல்லவா! பிறகு புகையைத் தொட்டாள்.

பால் குளிரூட்டும் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. வேனில் வந்து மேடையில் இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்து முகர்ந்து, 'ஏத்து' என்றோ 'தள்ளு' என்றோ சொல்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. உள்ளே சோதனைக்கூடத்தில் ஆயிரம் கருவிகள் இருக்கட்டும், முதல் தீர்ப்பு மூக்கினுடையது. மண்ணெண்ணெய் வாடை பட்ட ஒரே ஒரு கேன் தப்பிப் போனால் போதும், தொட்டியிலிருக்கும் பால் மொத்தமும் பாழ்.

மூன்று வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகிற போக்கில் வாசனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வெளியே சொன்னால் கேன் கழுவும் கொட்டகைதான், தினக்கூலிதான். அதே மேடையில் நிற்கும் நாத்தனாரிடம் மட்டும் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து நாத்தனார் முந்திக்கொண்டு முகர்வாள். கெட்ட பாலென்றால் இருமுவாள். இவள் கம்பீரமாகத் 'தள்ளு' என்பாள். இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் அதிகாரி கொண்டுவந்த இந்த வாசனைப் பரீட்சைச் செயலி குறுக்கே வந்து நின்றது. எட்டு அட்டைகள். குறைந்தது ஏழு சரியாக இருந்தால் மேடை, இல்லாவிட்டால் கொட்டகை. ஒரே ஒரு ஓட்டை இருந்தது: எல்லோருக்கும் ஒரே அட்டைக்கட்டு, பரீட்சை முடிந்ததும் சரியான விடைகளைச் செயலியே காட்டிவிடும். முதல் ஆளாய்ப் போய்வந்த நாத்தனார் கழிப்பறை வாசலில் அவளை மடக்கி, எட்டையும் ஒப்பித்தாள்.

"கடைசி புகை. மறந்துடாதீங்க அண்ணி."

"நீ எத்தனைடி எடுத்த?"

"அத விடுங்க. முதல்ல நீங்க தப்பிச்சு வாங்க."

இப்போது அதிகாரி கைபேசியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா, எட்டுக்கு எட்டு! இதுவரைக்கும் யாருமே எடுக்கலக்கா. உங்க நாத்தனார் பாவம், ஆறுதான். கொட்டகைக்கு அனுப்பிட்டேன். இனிமே மேடை மொத்தமும் உங்க பொறுப்பு."

என் மூக்கு செத்துப்போச்சு சார், அவளைத் திருப்பிக் கூப்பிடுங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "சரிங்க சார்" என்றுதான் வெளியே விழுந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

வேன் வந்து நின்றது. பன்னிரண்டு கேன்கள். முதல் மூடியைத் தூக்கி முகர்ந்தாள். காற்று உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இரும ஆளில்லை. தப்பாகத் தள்ளினால் ஒரு மனுஷன் வயிறு எரியும்; தப்பாக ஏற்றினால் எத்தனை பிள்ளைகள் வயிறு கெடுமோ.

"தள்ளு" என்றாள். அடுத்ததையும் தள்ளச் சொன்னாள். ஐந்து கேன்கள் வரிசையாக ஓரத்துக்குப் போயின.

வேன்காரர் பதறிக் கீழே குதித்தார். "என்ன மூக்கக்கா, விளையாடுறீங்களா? காலைல கறந்த பாலு!"

அவர் ஓரத்துக்குப் போன ஐந்தாவது கேனின் மூடியைத் தானே திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தார். மூக்கைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை இழுத்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவருக்குத் தன் மூக்கின்மேல்தான் சந்தேகம் வந்திருந்தது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என்ன வாடைன்னு மட்டும் சொல்லிடுங்க, கறந்தவங்க வீட்ல போய்ச் சொல்லணும்."

மூடியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அதன் விளிம்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக அவள் கால்விரல்களின்மேல் விழுந்துகொண்டிருந்தது.